யாழும் பறையும்

நம்மூரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. கண்ணிழந்த பாணன் ஒருவன் சோழநாட்டினின்றும் வந்து, அரசன்முன் யாழ் மீட்டிப் பாடி, மணற்றிடரொன்றைப் பரிசிலாகப் பெற்றான் என்றும், அம்மணற்றிடரே பின்னர் யாழ்ப்பாணம் எனப் பெயர் பெற்றது என்றும் அக்கதை கூறும். ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’யில் இதனைக் காணலாம். வரலாற்றாசிரியர் இதனை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. எனினும் கதை மெய்யோ பொய்யோ என்பது ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. ஓர் ஊரார் தம்மை எந்த இசைக்கருவியின் பெயரால் அழைத்துக்கொள்ள விரும்பினர் என்பதே கருதத்தக்கது.

விந்தை யாதெனின், அந்த யாழை நம்முள் எவரும் கேட்டதில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அது வழக்கொழிந்துவிட்டது. அதன் அமைப்பையும் சுருதிகளையும் கணக்கிட்டு அறிவதற்குச் சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் பயனாகிய ‘யாழ் நூல்’ 1947-ஆம் ஆண்டிலே வெளிவந்தது. நம்முடைய ஊர்களில் உண்மையாகவே ஒலித்த கருவி வேறொன்று. அது பறை. பிறப்பு முதல் இறப்பு வரை அதன் ஓசை எட்டாத வீடு இல்லை. தொல்காப்பியனார் திணைக்குரிய கருப்பொருள்களை அடுக்கிச் செல்லுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் ஒருங்கே வைத்தார். பறை முழக்குவோரைச் சிறந்த குடிகளுள் ஒன்றாக எண்ணும் பாடலும் புறநானூற்றில் உண்டு. அவர்கள் ஒருங்கே வைத்த இரண்டனுள் ஒன்று ஊரின் பெயராயிற்று. மற்றொன்று ஊரின் புறத்தே தள்ளப்பட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்று வினவத் தொடங்கும்போதுதான் பண்பாட்டு ஆராய்ச்சிக்குச் சமூகவியல் எதற்கு என்னும் கேள்விக்கும் விடை தோன்றத் தொடங்குகின்றது.

‘பண்பாடு’ என்னும் சொல்லே வயதில் இளையது. 1930-களில் ரசிகமணி டி. கே. சி. அதனை வழக்கிற்குக் கொணர்ந்தார் என்பர். ஈழத்தில் நாம் ‘கலாசாரம்’ என்றும் வழங்குகிறோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1954-இல் வெளியிட்ட தம் நூலுக்குத் ‘தமிழர் சால்பு’ என்று பெயரிட்டார். சால்பு, பண்பாடு என்னும் இரண்டு சொற்களும் நிறைவையும் சீர்மையையும் சுட்டுவன. எனவே உயர்ந்தனவற்றையே மனத்தில் எழுப்புவன. ஆங்கிலத்திலும் இப்படியொரு சார்பு இருந்தது. மத்தியூ ஆர்னல்ட் 1869-இல் எழுதிய நூலிலே, மனிதர் சிந்தித்தவற்றுள்ளும் சொன்னவற்றுள்ளும் மிகச் சிறந்தனவே பண்பாடு என்றார். இரண்டே ஆண்டுகளின் பின்னர், 1871-இல், மானிடவியலாளர் எட்வேர்ட் டைலர் அக்கதவை அகலத் திறந்துவிட்டார். அறிவு, நம்பிக்கை, கலை, சட்டம், வழக்கம் என, மனிதன் சமூகத்தின் உறுப்பினனாகப் பெற்றுக்கொள்வன யாவும் பண்பாடு என்பது அவர் கொள்கை. ஆர்னல்டைப் பின்பற்றுவோமாயின் யாழ் மட்டுமே பண்பாடாகும். டைலரைப் பின்பற்றுவோமாயின் யாழும் பறையும் ஒருங்கே பண்பாடாகும். நம் பண்டிதர்கள் நெடுங்காலம் ஆர்னல்டின் மாணவர்களாகவே இருந்தனர், அவர் பெயரை அறியாதிருந்த காலத்திலும்.

இந்நிலையை அசைத்தவர்களுள் முதன்மையானவர் க. கைலாசபதி. 1959 முதல் 1961 வரை ‘தினகரன்’ ஆசிரியராக இருந்து, எழுதத் தகுதியற்றோர் என்று ஒதுக்கப்பட்டோர்க்கு ஏட்டின் பக்கங்களைத் திறந்துவிட்டவர். பின்னர் அவர் இங்கிலாந்து சென்று, பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்தார். தொம்சன் கிரேக்கப் புலமையும் மார்க்சியப் பற்றும் ஒருங்கே வாய்த்தவர். அயர்லாந்தின் கரையோரத் தீவொன்றின் மீனவரிடையே வாழ்ந்து, அவர்தம் வாய்மொழிப் பாடல்களைக் கேட்டே ஹோமரைப் புதிதாக விளங்கிக்கொண்டவர். நூலகத்தில் இருந்த ஹோமருக்கு மீனவர் குடிசையில் உரை கிடைத்தது! கைலாசபதி இந்த முறையைச் சங்கச் செய்யுள்மீது செலுத்தினார். 1968-இல் ஒக்ஸ்போர்டில் வெளியான தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய அவர்தம் ஆங்கில நூல், அப்பாடல்கள் வாய்மொழி மரபில் பிறந்தவை என்றும், அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் பாணர் பாடுவதற்குக் கைக்கொண்ட வாய்பாடுகள் என்றும் வாதிட்டது. ஜோர்ஜ் ஹார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1975-இல் இதனை மறுத்து, அவை எழுத்தறிந்த புலவர் இயற்றியன என்றும், பாணர், பறையர் முதலியோரின் வாய்மொழிப் பாட்டு அவற்றுக்கு முன்மாதிரியாயிற்று என்றும் கூறினார். முடிவு எதுவாயினும், இருவரும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டனர். சங்கப் பாடலின் வேர், கருவியைக் கையிலேந்தி ஊரூராகத் திரிந்தவனிடத்தில் இருக்கின்றது.

கைலாசபதியின் கட்டுரைத் தொகுதியொன்றின் பெயரே ‘சமூகவியலும் இலக்கியமும்’ (1979). அவரும் கா. சிவத்தம்பியும் வற்புறுத்திய கொள்கையை இரண்டு வரியிற் கூறுவதாயின் இவ்வாறு கூறலாம்: ஒரு காலத்தின் கலையை அக்காலத்து உற்பத்தி முறையினின்றும் வகுப்புறவுகளினின்றும் பிரித்து நோக்க இயலாது, மரபு என்பது வானத்தினின்றும் இறங்கியதன்று, அது யாரோ சிலரின் தேவைக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது. இக்கொள்கை வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. 1960-களின் முற்பகுதியில், ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்டோரை நோக்கி ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் முகஞ்சுழித்தபோது எழுந்த மரபுப் போராட்டத்தை மூத்த வாசகர்கள் மறந்திரார். யாழ்ப்பாண நகரிலே சிகையலங்கார நிலையத்திற் பணிபுரிந்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது அக்காலத்திலேதான். கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972-இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றிய எத்தனையோ ஆய்வேடுகளைக் காட்டிலும் டானியலின் நாவல்களில் நுணுக்கம் மிகுதி என்பது என் கருத்து. அவற்றின் கலைக் குறைகளை எடுத்துக்காட்டுவோர் இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொல்வது முறை.

எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்னும் தொடரில் கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் நோக்கைக் கடுமையாகச் சாடினார். மனிதனை வகுப்பின் பிரதிநிதியாக மட்டுமே காணும் கொள்கை, அவனுடைய அகத்தைத் தவறவிட்டுவிடுகின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். இவரைப் பழமைவாதி என்று தள்ளிவிட முடியாது. ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர் உரிமைக்காகத் தம் ஊரிலேயே சத்தியாக்கிரகத்தில் இறங்கியவர் அவர். அவர் நூலொன்றின் பெயர் ‘போர்ப்பறை’ (1970) என்பதையும் போகிறபோக்கிற் குறித்துக்கொள்வோம். பறையின் ஓசை நூலின் தலைப்பாக வரும்போது எவர்க்கும் இழிவாகத் தோன்றுவதில்லை.

இனிக் கொள்கைகளை ஒவ்வொன்றாக நம்மூர்ச் சாவீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். சமூகவியலின் முன்னோர்களுள் ஒருவராகிய எமில் துர்க்கைம் 1912-இல் வெளியிட்ட சமயம் பற்றிய நூலிலே ஒரு செய்தி சொன்னார். துக்கம் கொண்டாடுதல் என்பது உள்ளத்தின் தானான பெருக்கன்று. கூட்டம் தன் உறுப்பினர்மேற் சுமத்தும் கடமை அது. ஓர் இழப்பினால் தளர்ந்த கூட்டம் அக்கடமையினாலேயே தன்னை மீண்டும் இறுக்கிக்கொள்கின்றது. நம் சாவீடுகளை அறிந்தோர் இதனை மறுக்கமாட்டார். பறை ஒலித்தவுடன் ஊர் அறிகின்றது, உறவினர் திரள்கின்றனர், பிணங்கியிருந்தோரும் படலையைத் திறந்துகொண்டு வருகின்றனர், ஒப்பாரி எழுகின்றது. துர்க்கைம் கூறிய இறுக்கம் நம் கண்முன்னே நிகழ்கின்றது. ஆனால் அந்த முற்றத்தில் நிற்கும் ஒருவனை மட்டும் அக்கொள்கை காணவில்லை. கூட்டத்தை இறுக்கும் ஓசையை எழுப்புபவன் அக்கூட்டத்தின் உள்ளே வர இயலாதவன். அவன் வேலியோரம் நிற்கின்றான். அவன் வீட்டில் இறப்பு நிகழ்ந்தால் இந்தக் கூட்டம் அங்கே செல்வதில்லை. ‘சமூகம்’ என்று துர்க்கைம் ஒருமையிற் கூறியது எந்தச் சமூகத்தை?

மார்க்சியர் இவ்விடத்திற் சரியான வினாவை எழுப்பினர். நிலம் யாருடையது? கூலியை நெல்லாகக் கொடுத்தவர் யார்? இலங்கையில் அடிமைமுறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது 1844-இல்தான் என்பதையும், ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்த தேசவழமையிலே அடிமைகள் பற்றிய விதிகள் இடம்பெற்றிருந்தன என்பதையும் நினைவிற்கொண்டால், சாவீட்டுப் பறை கலைமட்டுமன்று, கட்டாயப் பணியும் ஆகும் என்பது விளங்கும். ஆயினும் நிலவுடைமை ஒன்றே அனைத்தையும் விளக்கிவிடுமா? மைக்கேல் பாங்ஸ் என்னும் ஆங்கில மானிடவியலாளர் யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை 1960-இல் எட்மண்ட் லீச் பதிப்பித்த தொகுதியில் வெளிவந்தது. அதன்பின் பிரயன் பவன்பேர்கர் 1982-இல் ஒரு நூல் முழுவதையும் இப்பொருளுக்கே ஒதுக்கினார். வேளாளரின் மேலாண்மை நிலத்தினால் மட்டுமன்றிச் சடங்கொழுங்கினாலும் தாங்கப்பட்டது என்பது அவர் வாதம். இதனை உணர்த்த நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. அளவெட்டியையும் இணுவிலையும் எண்ணிப்பாருங்கள். தவிலும் தோலினால் ஆயது. பறையும் தோலினால் ஆயது. தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் கைவண்ணத்தைத் தமிழ்நாட்டு வித்துவான்களும் போற்றினர். அவர் 1975-இல் மறைந்தபின்னும் அவர் பெயரைச் சொல்லாத இசையரங்கு இங்கில்லை. ஒரு தோல் கோயிலின் மங்கலம். மற்றத் தோல் சுடலையின் தீட்டு. இரண்டையும் பிரித்தது ஓசையுமன்று, நெற்காணியுமன்று. எந்தச் சடங்கில் எது ஒலிக்கவேண்டும் என்று வகுத்த ஒழுங்கு. அந்த ஒழுங்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை, சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிப் பதினோராண்டு கழிந்த பின்னரும், 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிற் கண்டோம். ஒடுக்கப்பட்டோர் உள்ளே செல்லாதவாறு தடுத்து நின்றோரின் முன்னணியில் நின்றவர், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம். கல்வி மனிதனை விடுவிக்கும் என்று நம்பும் ஆசிரியர்கள் இவ்விடத்திற் சிறிது நின்று செல்லல் வேண்டும்.

சாவீட்டிற் பறை முழக்க மறுத்தமையும் அந்த விடுதலைப் போராட்டத்தின் ஒரு பகுதியே. தேநீர்க்கடையின் தனிக் குவளையை மறுத்ததற்கும் கோயிலின் மூடிய கதவை மறுத்ததற்கும் அது குறைந்ததன்று. இதனைச் சமூகவியல் எவ்வாறு விளக்கும்? இந்திய அறிஞர் எம். என். சீனிவாஸ் 1952-இல் குடகு மக்களைப் பற்றிய நூலில் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்றொரு கருத்தை முன்வைத்தார். தாழ்ந்த நிலையிலுள்ள சாதியார், மேல்நிலையிலுள்ளோரின் ஒழுக்கங்களைப் பின்பற்றித் தம் நிலையை உயர்த்த முயல்வர் என்பது அது. புலால் விடுத்தல், மதுவை விலக்குதல், இழிவெனப்படும் தொழிலைக் கைவிடுதல் யாவும் இதனுள் அடங்கும். இக்கருத்தைக் கற்ற நாளில், பறையை மறுத்ததும் இவ்வகையினதே என்று நானும் மாணவர்க்குக் கற்பித்ததுண்டு. இப்போது அதில் எனக்கு ஐயம். மேலோரைப்போல வாழ விரும்பியவனும், மேலோருக்காக முழக்க விரும்பாதவனும் ஒருவனா? இருவரும் பறையைக் கீழே வைத்தனர். செயல் ஒன்று, பொருள் வேறு. செயலின் பொருளைச் செய்தவனிடமே கேட்டறிதல் வேண்டும் என்று மாக்ஸ் வெபர் சொல்லியிருக்க, நாம் நூலைப் பார்த்துப் பெயரைச் சூட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம்.

இதனோடு ஒட்டி மற்றொரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1956-இல் எதிரிவீர சரச்சந்திராவின் ‘மனமே’ சிங்கள நாடக உலகைக் கலக்கியது. நாட்டார் கூத்திலிருந்து தேசிய நாடகமொன்றை வளர்க்க இயலும் என்பதற்கு அது சான்றாயிற்று. பேராசிரியர் வித்தியானந்தன் அவ்வழியைத் தமிழுக்கும் கொணர்ந்தார். விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்துக்கள் சில மணி நேரத்துட் சுருக்கப்பட்டு, பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என மாணவர்களால் ஆடப்பட்டன. படியாதவர் ஆட்டம் என்று இகழப்பட்ட கூத்துக்கு அவர் தேடித்தந்த மதிப்பு பெரிது. ஆனால் களரி மேடையானபோது பார்ப்போரும் மாறினர், ஆடுவோரும் மாறினர். அண்ணாவியாரின் ஊர் பின்னே நின்றது. இதே காலப்பகுதியிலே கூத்தின் வேறொரு பயணமும் நிகழ்ந்தது. மாவிட்டபுரப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’, காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடப்பட்டது. காத்தவராயன் கதையே சாதி வரம்பை மீறிக் காதலித்துக் கழுவேறியவன் கதையன்றோ? அந்த மெட்டைக் கேட்டவுடன் ஊரார்க்கு மீதி தானே விளங்கியது. ஒரே வடிவம்: ஓரிடத்தில் மரபின் பெருமை, மற்றோரிடத்தில் மரபின்மேல் வழக்கு. வடிவத்தை மட்டும் ஆராய்வோன் இவ்வேறுபாட்டைக் காணமாட்டான். வகுப்பை மட்டும் ஆராய்வோனோ அந்த மெட்டு ஏன் நெஞ்சைத் தொட்டது என்பதைச் சொல்லமாட்டான்.

இன்று காற்று திசை மாறியிருக்கின்றது. தமிழ்நாட்டில் 1990-களிலிருந்து தலித் பண்பாட்டு இயக்கங்கள் பறையை விடுதலையின் கருவியாகக் கையிலெடுத்தன. கனடாவிலும் இங்கிலாந்திலும் தமிழர் விழாக்களில் இளைஞரும் யுவதிகளும் சாதி வேறுபாடின்றிப் பறை முழக்குகின்றனர். ஆதித் தமிழனின் இசை என்று அதற்குப் புகழுரையும் கிடைக்கின்றது. மகிழ்ச்சியே. எனினும், சுமந்தவன் இறக்கிவைத்ததைச் சுமவாதவன் எடுத்து முழக்குவது எளிது. இரண்டு செயல்களுக்கும் நடுவே ஒரு கேள்வி கிடக்கின்றது. அதனை என்னிடம் கேட்டவர் ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அழிந்துவரும் கிராமியக் கலைகள் பற்றி ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் விசாரித்துக் கட்டுரை எழுதிவருமாறு ஒரு வகுப்புக்குப் பணித்திருந்தேன். ஒருவர் கும்மியென்றார், ஒருவர் கரகமென்றார். பின்வரிசையில் இருந்த அம்மாணவி மட்டும் வகுப்பு முடிந்தபின் வந்து, தமக்கு வேறு தலைப்புத் தரமுடியுமா என்று மெல்லக் கேட்டார். அவர் ஊரை நான் அறிவேன். “உங்கட ஊரில பறை இருந்ததல்லோ, பிள்ளை? அதைப் பற்றி எழுதலாமே” என்றேன். பெரிய உதவி செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அவர் உடனே விடை சொல்லவில்லை. பின்னர், “அப்பப்பா அடிச்சவர், சேர். பிறகு விட்டிட்டார். அப்பாவுக்கு ஒருநாளும் பழக்கேல்லை. அப்பா கேட்டும் பழக்கேல்லையாம். அழிய வேணும் எண்டுதானே அவர் பழக்காமல் விட்டவர். அதை நான் அழிஞ்சுபோகுது எண்டு எப்பிடி எழுதுறது?” என்றார்.

என்னிடம் விடை இருக்கவில்லை. ‘அழிந்துவரும் கலைகள்’ என்று நான் கரும்பலகையில் எழுதிய தலைப்பிலே, அழிந்தது என்பதற்கு எழுவாய் இல்லை. கலை தானாக மாய்வதுபோலவும், காலம் அதனைக் கொள்ளைகொள்வதுபோலவும் நாம் எழுதிப் பழகிவிட்டோம். இங்கே ஒரு முதியவர் தம் கைவசமிருந்த தாளக்கட்டுகளை எல்லாம் அறிந்தே, தம் மகனுக்கும் மறுத்து, தம்மோடு கொண்டுசென்றுவிட்டார். பண்பாட்டின் இழப்பு என்று ஒருவர் குறிப்பெழுதும் அந்த நாளே அக்குடும்பத்தின் விடுதலை நாள். அவருக்குள்ளும் கலைஞன் ஒருவன் இருந்திருப்பான். கை பழகிய தாளம் விரல் நுனியில் வந்து நின்றிருக்கும். அதனை அடக்கியது எத்தகைய மனவலிமை என்பதைக் கைலாசபதியின் கொள்கையினால் மட்டும் அளக்க இயலாது. தளையசிங்கத்தின் அகநோக்கினால் மட்டும் அளக்கவும் இயலாது. அந்த மனவலிமைக்கு ஒரு நிலப்பிரபுவும் தேவைப்பட்டான். ஒரு மனமும் தேவைப்பட்டது.

தலைப்பை மாற்றித் தந்தேன்: ‘எங்கள் வீட்டில் கைவிடப்பட்ட தொழில்’. மூன்று கிழமை கழித்து அவர் பதினொரு பக்கங்களிற் கட்டுரை கொண்டுவந்தார். பறையின் வகைகளோ தாளங்களின் பெயர்களோ அதில் இல்லை. அறுபதுகளின் இறுதியில் ஒரு மாரிக்காலத்தில் பெரிய வீடொன்றிலிருந்து ஆள் வந்து அழைத்ததும், அப்பப்பா திண்ணையினின்றும் எழாமலே இருந்ததும், அன்றிரவு முழுவதும் வீட்டார் உறங்காது விளக்கை அணைத்துவிட்டு இருந்ததும், மறுநாள் கூலிவேலை நின்றுபோனதும் அதில் இருந்தன. தந்தையாரிடமும் பெரிய மாமியாரிடமும் கேட்டு எழுதியிருந்தார். மாமியார் சொன்ன இடங்களில் எழுத்து சற்றே நடுங்கியிருந்தது.

அந்தப் பறை இப்போது எங்கே என்று வினவினேன். தோலைக் கழற்றிவிட்டு, மரக்கூட்டை மட்டும் அப்பப்பா வீட்டுக் கூரையினுள்ளே செருகி வைத்திருந்தாராம். ஏன் எறியவில்லை என்று எவரும் அவரைக் கேட்டதில்லை. 1995-இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்குச் சென்றார்கள். திரும்பி வந்தபோது கூரை இருக்கவில்லை.